சீசன் ஓய்ந்த ஐரோப்பாவில் வார இறுதிப் பயணம்: திட்டமிடுவது எப்படி

ஐரோப்பாவில் வாழ்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும்படி வேறொரு நகரத்தைப் பார்த்துவர நினைப்பவர்களுக்கு, நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரையிலான ஐந்து மாதங்கள் நல்ல வாய்ப்பு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களையும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறையையும், சில ஆண்டுகளில் மார்ச் மாதத்திலேயே வந்துவிடும் ஈஸ்டரையும் கழித்துவிட்டால், மீதமுள்ள வாரங்களில் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் கோடையைவிடக் கணிசமாக இறங்கியிருக்கும். ஆனால் விலை இறங்கியதைக் கண்டவுடன் பணத்தைக் கட்டிவிடாமல், அது ஏன் இறங்கியது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சில ஊர்களில் வெளியூர்க் கூட்டம் மட்டும் போயிருக்கும், ஊர் தன்பாட்டில் இயங்கிக்கொண்டிருக்கும். வேறு சில ஊர்களில் ஊரே கதவைச் சாத்தியிருக்கும். குளிர்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காகவே வாழ்ந்துகொண்டிருக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுப்பதே இந்தப் பயணத்தின் முதல் வேலை. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த ஊருக்குப் போவது

கோடைப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்ட ஊர்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். கிரேக்கத்தின் சாந்தோரினி, மைகோனோஸ், குரோவேஷியாவின் ஹ்வார், இத்தாலியின் அமால்ஃபி கடற்கரை ஆகிய இடங்களில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் குளிர்காலத்தில் மூடப்படுகின்றன. தீவுகளுக்கு ஓடும் கப்பல்களும் குறைந்துவிடுகின்றன. துப்ரோவ்னிக் நகரின் பழைய கோட்டைப் பகுதியில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகக் குறைவு என்பதால், ஜனவரி மாதத்தில் அங்கே இரவு உணவுக்குத் திறந்த கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். நூறு யூரோ மிச்சப்படுத்திவிட்டு மூடிய கதவுகளைப் பார்த்துவருவதில் இலாபம் ஒன்றுமில்லை.

ஓர் ஊர் குளிர்காலத்தில் உயிரோடு இருக்குமா என்பதைக் கண்டறியச் சில எளிய வழிகள் உண்டு. அங்கே பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறதா, ஓப்பராவும் நாடக அரங்கும் இயங்குகின்றனவா, சனிக்கிழமைக் காலையில் காய்கறிச் சந்தை கூடுகிறதா என்று பாருங்கள். வியன்னா, பொலோன்யா, தூரின், செவில், புடாபெஸ்ட், கிராக்கோவ், லைப்சிக், போர்த்தோ ஆகிய எல்லாமே இந்தச் சோதனையில் தேறிவிடும். சொல்லப்போனால் இவற்றில் சில நகரங்களுக்குக் குளிர்காலம்தான் உண்மையான சீசன். வியன்னா அரசு ஓப்பரா செப்டம்பரில் தொடங்கி ஜூன் மாதத்தோடு தன் நிகழ்ச்சிப் பருவத்தை முடித்துக்கொள்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்நகரத்தை நிரப்பும் கூட்டம் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. ஜனவரியில் செல்பவரோ, நின்றபடியே பார்ப்பதற்கென்று மலிவாக விற்கப்படும் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். நின்று பார்க்கக் கால்வலி தாங்க வேண்டும் என்பது வேறு விஷயம். இடைவேளையோடு வெளியேறிவிட்டாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.

புடாபெஸ்ட் நகரின் வெந்நீர்க் குளியல் இல்லங்களும் அப்படித்தான். 1913-இல் திறக்கப்பட்ட செச்செனி குளியல் இல்லத்தில், திறந்தவெளியில் இருக்கும் குளங்களுக்கு நிலத்தடி ஊற்றுகளிலிருந்து வெந்நீர் வருகிறது. காற்று உறைநிலைக்கு அருகில் இருக்கும் நாளில் கழுத்து வரை வெந்நீரில் அமர்ந்திருக்கும் சுகம் ஆகஸ்ட் மாத வெயிலில் கிடைக்காது. இன்னொரு குளியல் இல்லமான கெல்லேர்ட், பெரும் சீரமைப்புக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது என்பதால் பழைய வழிகாட்டிகளை நம்பி அங்கே போய் நிற்க வேண்டாம். ஸ்பெயினின் செவில் நகரத்துக்குக் கணக்கு வேறு: கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் அந்த ஊரில், ஜனவரி மாதப் பிற்பகல் 16 டிகிரி அளவில் நடப்பதற்கு இதமாக இருக்கும். அப்போது தெருவோர மரங்களில் கசப்பு ஆரஞ்சுகள் பழுத்துத் தொங்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்தப் பழத்தைப் பறித்துக் கடித்துவிட வேண்டாம்.

வெனிஸ் இந்த விதிகளுக்குள் அடங்காத ஊர். அதன் குடிமக்கள் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது; ஆயினும் அதைப் பார்க்கச் சரியான காலம் ஜனவரிதான் என்பது என் கருத்து. ஒரே நாளில் வந்து திரும்புவோரிடம் 2024 முதல் வசூலிக்கப்படும் நுழைவுக் கட்டணம், வசந்தத்திலும் கோடையிலும் அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டுவந்தது. குளிர்காலத்துக் கடல் ஏற்றத்தைத் தடுக்கும் மோசே தடுப்புகள் 2020 அக்டோபரில் முதன்முறையாக இயக்கப்பட்டதிலிருந்து நகரம் பெரும்பாலும் பெருவெள்ளத்திலிருந்து காக்கப்பட்டுவருகிறது. நீர்மட்டம் 110 சென்டிமீட்டரை எட்டும் என்று கணிக்கப்படும்போதுதான் அவற்றை உயர்த்துவது வழக்கம் என்பதால், நகரிலேயே தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் அதற்குக் குறைவான ஏற்றத்திலும் தண்ணீர் நிற்கலாம். திருவிழாவான கார்னிவல் நடக்கும் பிப்ரவரி வாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது விடுதி வாடகை கோடையையே மிஞ்சும்.

வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள்

குளிரைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பவர்கள் சிலர்தான். இரண்டு நாள் பயணத்தில் உங்கள் கையில் இருக்கும் உண்மையான மூலதனம் பகல் வெளிச்சமே. டிசம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோமில் சுமார் ஆறு மணி நேரம் மட்டுமே பகல். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கிராக்கோவில் பகல் எட்டு மணி நேரம், சூரிய மறைவு ஏறத்தாழ 3.40-க்கு. செவில் நகரில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான் என்றாலும், அங்கே சூரியன் மறைவது மாலை ஆறு மணிக்குப் பிறகு. இதற்குக் காரணம், ஸ்பெயின் தன் நில இருப்புக்கு உரிய நேரத்தைப் பின்பற்றாமல், தொலைவில் கிழக்கே இருக்கும் போலந்தின் நேரத்தையே கடிகாரத்தில் வைத்திருப்பது. அதற்கு விலையாகச் செவிலில் காலை எட்டரை மணி வரை இருட்டாக இருக்கும். வாரம் முழுதும் உழைத்துவிட்டு வந்து காலையில் நிதானமாக எழுந்திருக்க விரும்புபவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். விடியற்காலையிலேயே எழுந்து நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மத்திய ஐரோப்பிய நகரங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதே காரணத்தால், சீசன் ஓய்ந்த மாதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதக் கூடாது. நவம்பரிலும் பிப்ரவரி இறுதியிலும் விலை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆனால் நவம்பரில் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது, பிப்ரவரியில் கூடிக்கொண்டே வருகிறது. பிப்ரவரி இறுதியில் கிராக்கோவில் மாலை ஐந்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். போர்த்தோ, லிஸ்பன் போன்ற அட்லாண்டிக் கரை ஊர்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழைக் காலம். அங்கே பாதைகளில் பதிக்கப்பட்டிருக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கற்கள் நனைந்துவிட்டால், சரிவுகளில் கால் வைப்பதே சிரமமாகிவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு வார இறுதிதான் ஒதுக்க முடியும் என்றால், ஜனவரி கடைசி வாரத்துக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நான் சொல்வேன்.

ஊருக்குள் நாளைப் பிரித்துக்கொள்வதும் வெளிச்சத்தைப் பொறுத்தே அமைய வேண்டும். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்றரை வரை வெளியில் பார்க்க வேண்டியவற்றையும், இருட்டிய பிறகு அருங்காட்சியகம், கச்சேரி, நீண்ட இரவு உணவு ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே மூடிவிடும் என்பதால், மதிய உணவை முடித்துவிட்டு மெதுவாக மலையேறலாம் என்று நினைத்தால் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். அந்த மாதங்களில் அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி இலவசம் என்பதையும் நினைவில் வைக்கலாம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் ஆண்டு முழுதும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இருட்டிய பிறகு செல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்நகரில் இல்லை.

நாட்காட்டியில் மறைந்திருக்கும் கண்ணிகள்

விலை குறைவு என்று நம்பித் தேடும்போது ஒரு குறிப்பிட்ட வார இறுதியில் மட்டும் வாடகை மூன்று மடங்காகக் காட்டினால், அந்த ஊரில் ஏதோ நடக்கிறது என்று பொருள். ஸ்பெயினில் டிசம்பர் 6, 8 ஆகிய இரண்டும் பொது விடுமுறை நாட்கள். இடையில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அதே டிசம்பர் 8-ஐ ஒட்டி லியோன் நகரில் நடக்கும் ஒளித் திருவிழாவுக்கு அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. பார்சிலோனாவில் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும் கைப்பேசித் துறைக் கண்காட்சி, மிலானின் பிப்ரவரி ஆடை அலங்கார வாரம், பெர்லின் திரைப்பட விழா, கொலோன் கார்னிவல் ஆகியவையும் அந்தந்த ஊரின் வாடகையைத் தூக்கிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகள் நடக்கும் ஸ்ட்ராஸ்பூர், நியூரம்பெர்க் போன்ற ஊர்களில் நவம்பர் இறுதி முதல் டிசம்பர் 24 வரையிலான வாரங்களை ஓய்ந்த சீசன் என்று சொல்லவே முடியாது. பனிச்சறுக்குக்கு வாசலான ஜெனீவா, இன்ஸ்புரூக், சால்ஸ்பர்க் விமான நிலையங்களுக்குப் பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் செல்லும் விமானங்களும் அப்படியே.

இதற்கு நேர்மாறான நன்மையும் ஒன்றுண்டு. பிரசெல்ஸ் போன்ற நிர்வாக நகரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை அறைகளை அதிகாரிகளும் வணிகர்களும் நிரப்புகிறார்கள்; வெள்ளிக்கிழமை அவர்கள் வீடு திரும்பியதும் நல்ல விடுதிகளே வாடகையைக் குறைத்துக்கொள்கின்றன. பிராங்க்ஃபர்ட்டுக்கும் இது பொருந்தும். வார இறுதியில் மட்டுமே பயணம் செய்ய முடிந்தவர்களுக்கு இந்த ஊர்கள் கைகொடுக்கும். பிரசெல்ஸ் சலிப்பூட்டும் ஊர் என்ற பேச்சை நம்பாமல், விக்தோர் ஹோர்த்தா வடிவமைத்த வீடுகளைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போய்வரலாம்.

கிழமைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள். வத்திகான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் ரோம் செல்பவர்கள் அதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் ஞாயிறு அன்று கடைகள் திறப்பதில்லை, ரயில் நிலையங்களில் உள்ளவற்றைத் தவிர. போலந்திலும் 2018 முதல் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளுக்கு விடுமுறை. திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொண்டு நீண்ட வார இறுதியாகச் செல்பவர்கள், பாரிஸின் ஓர்சே, பிளாரன்ஸின் உஃபிட்சி உட்பட ஏராளமான அருங்காட்சியகங்கள் அன்றுதான் மூடியிருக்கும் என்பதையும், லூவ்ர் மட்டும் செவ்வாயன்று மூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விமானமா, ரயிலா

மலிவு விமானச் சீட்டில் எழுதியிருக்கும் ஊரின் பெயரும் விமானம் இறங்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. பாரிஸ் என்று விற்கப்படும் போவே பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. பிராங்க்ஃபர்ட் ஹான் சுமார் 120 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா சுமார் 100 கிலோமீட்டர். ஒரு வாரம் தங்கும் பயணத்தில் இந்தத் தொலைவைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் பயணத்தில் போக வர மூன்று மணி நேரமும் நாற்பது ஐம்பது யூரோவும் பேருந்திலேயே கரைந்துவிடும். குளிர்காலத்தில் அந்த மூன்று மணி நேரம் ஒரு பகலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே சீட்டு விலையோடு பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில், இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய 40×30×20 சென்டிமீட்டர் பையை மட்டும் கட்டணமின்றி எடுத்துச்செல்லலாம். இரண்டு இரவுகளுக்கு அதுவே போதும், கனமான மேலங்கியையும் காலணியையும் அணிந்துகொண்டே பயணம் செய்தால். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட மெல்லிய இரண்டு மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் உணவகங்களும் உள்ளே நன்கு சூடாக இருக்கும், கழற்றி மாட்ட வசதி வேண்டும். நீர் புகாத, அடிப்பகுதி வழுக்காத காலணிதான் மிக முக்கியம். காற்றடிக்கும் ஊர்களில் குடை பயன்படாது. தொப்பி வைத்த மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் எட்டக்கூடிய ஊர் என்றால் குளிர்காலத்தில் விமானத்தைவிட ரயிலே மேல் என்று தயங்காமல் சொல்லலாம். இலண்டனிலிருந்து பிரசெல்ஸுக்கு இரண்டு மணி நேரம், பாரிஸுக்கு இரண்டே கால். பாரிஸிலிருந்து கொலோனுக்கு மூன்றரை மணி நேரத்துக்குள். கொலோன் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பேராலயம். சூரிக்கில் இருப்பவர்கள் வெள்ளி இரவு படுக்கை ரயிலில் ஏறினால் சனிக்கிழமைக் காலை வியன்னாவில் இறங்கலாம், ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சமாகும். ஆனால் இரவு ரயிலின் படுக்கைகள் வார இறுதிகளில் விரைவில் தீர்ந்துவிடும். அமர்ந்து செல்லும் இருக்கைச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், சனிக்கிழமை முழுதும் தூங்கி வழிய நேரிடும்.

பனியாலும் மூடுபனியாலும் விமானங்கள் தாமதமாகும் காலம் இது என்பதால் பயணியின் உரிமைகளை அறிந்திருப்பது அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையின்படி, விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்று சேர்ந்தால் 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ, அதற்கு மேற்பட்ட ஐரோப்பியப் பயணத்துக்கு 400 யூரோ இழப்பீடு உண்டு. வானிலை காரணம் என்றால் இந்தத் தொகை கிடைக்காது. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், காத்திருக்கும் நேரத்தில் உணவையும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியையும் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும். அது செய்யாவிட்டால் நீங்களே நியாயமான அளவில் செலவழித்து, இரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பிறகு கேட்டுப் பெறலாம்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நம்மில் பலருக்கு இந்தப் பகுதி முக்கியமானது. இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டோடு பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே போன்ற ஷெங்கன் நாடு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) ஒன்றின் வதிவிட அனுமதி வைத்திருப்பவர்கள், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் செல்லலாம். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் என்ற வரம்பு உண்டு. கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். உள் எல்லைதானே என்று அட்டையை மட்டும் எடுத்துச்சென்றால், ரயிலில் ஏறும் எல்லைக் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் சோபியா, புகாரெஸ்ட், குளூஜ் போன்ற மலிவான ஊர்களும் இப்போது பட்டியலில் சேர்கின்றன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் அங்கே செல்ல இந்த அனுமதியே போதும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பிரித்தானியாவில் வசித்துக்கொண்டு இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். அதன் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ; பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஒரு வார இறுதிக்காக மட்டும் இதைச் செய்வது கட்டுப்படியாகாது. முந்தைய விசாக்களின் சான்றோடு, பலமுறை நுழையும் அனுமதியைக் கேட்டு விண்ணப்பித்து, கிடைத்தால் ஒரே குளிர்காலத்தில் இரண்டு மூன்று பயணங்களைச் சேர்த்துத் திட்டமிடுவதே சிக்கனம். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், 2025 அக்டோபர் 12-இல் தொடங்கப்பட்ட எல்லைப் பதிவு முறையில் முதல் முறை கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். வரிசை நீளக்கூடும் என்பதால் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். எதிர்த் திசையில், ஐரோப்பியக் குடியுரிமையோடு இலண்டன் வருபவர்கள் 2025 ஏப்ரல் 2 முதல் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். தேசிய அடையாள அட்டை மட்டும் அங்கே போதாது.

ஓர் எடுத்துக்காட்டு: பொலோன்யாவில் இரண்டு நாட்கள்

மேலே சொன்னவற்றையெல்லாம் ஓர் ஊரில் பொருத்திப் பார்ப்போம். மழையோ பனியோ பெய்தாலும் திட்டம் கெடாத ஊர் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இத்தாலியின் பொலோன்யாவையே சொல்வேன். இந்நகரின் நடைபாதைகளுக்கு மேல் வளைவுத் தூண்களோடு கூடிய கூரை உண்டு. பழைய நகருக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டரும், மொத்தத்தில் 62 கிலோமீட்டரும் நீளும் இந்தத் தாழ்வாரங்களை யுனெஸ்கோ 2021-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நம் ஊர் வீட்டுத் திண்ணைகளையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தெரு நெடுகக் கொண்டுபோனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். 1088-இல் தொடங்கியதாகக் கொண்டாடப்படும் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஊரை இரவிலும் உறங்கவிடுவதில்லை.

வெள்ளி இரவு விமான நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிடங்களில் மத்திய ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும். அங்கிருந்து பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்துக்கு விய டெல் இன்டிபென்டென்சா தெருவின் தாழ்வாரத்திலேயே இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். நிலையத்துக்கும் சதுக்கத்துக்கும் இடையில் அறை எடுத்தால் இரண்டு நாட்களும் பேருந்தே தேவைப்படாது.

சனிக்கிழமை வெயில் அடித்தால் நண்பகலில் சான் பெத்ரோனியோ பேராலயத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வானியலாளர் காசினி 1655-இல் அமைத்த சுமார் 67 மீட்டர் நீளமுள்ள நண்பகல் கோடு அதன் தரையில் ஓடுகிறது. கூரையில் உள்ள சிறு துளை வழியே வரும் சூரிய ஒளி, உச்சி வேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் ஒளிவட்டம் கோட்டின் தொலைக்கோடியில், நீண்டு பெரிதாக விழுகிறது; கோடையில் வருபவர்கள் காண்பது சிறிய வட்டத்தைத்தான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பன்னிரண்டே கால் மணிக்கே கோட்டின் அருகே போய் நின்றுகொள்ளுங்கள். அடுத்த கால் மணி நேரத்துக்குள் இது நிகழ்ந்துவிடும். அதற்கு முன்பு அருகிலுள்ள ஆர்கிஜின்னாசியோ கட்டடத்தில், மரத்தாலான பழைய உடற்கூறியல் அரங்கைப் பார்க்கலாம். 1944 குண்டுவீச்சில் சிதைந்த அந்த அரங்கைப் போருக்குப் பிறகு மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

மதிய உணவுக்குச் சதுக்கத்தை ஒட்டிய குவாத்ரிலாத்தெரோ சந்தைத் தெருக்கள் போதும். பொலோன்யா இறைச்சிக்குப் பெயர்பெற்ற ஊர். சைவம் உண்பவர்கள் தோர்தெல்லினி என்ற சிறிய வகையைத் தவிர்த்துவிட்டு, ரிகோத்தா பாலாடை அடைத்த பெரிய தோர்தெல்லோனியை வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துக் கேட்கலாம். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும் என்பதால் ஏவலரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சரகோத்சா வாயிலிலிருந்து கிளம்பி, சான் லூக்கா ஆலயம் இருக்கும் குன்றின் மேல் ஏறும் தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்குங்கள். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், 666 வளைவுகள். மழை பெய்தாலும் தலை நனையாது. பிற்பாதி நல்ல ஏற்றம். ஜனவரி இறுதியில் சூரிய மறைவு ஐந்தே கால் மணி அளவில் என்பதால் மேலே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கலாம். நகரின் அடையாளமான இரட்டைக் கோபுரங்களில் ஏறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்: சாய்ந்த கரிசெந்தா கோபுரம் பலவீனமடைந்ததால் 2023 அக்டோபரில் அதைச் சுற்றி வேலி போடப்பட்டு, பக்கத்திலுள்ள உயரமான அசினெல்லியும் மூடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரவென்னா. வட்டார ரயிலில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம். இந்த ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு கிடையாது, எப்போது வாங்கினாலும் கட்டணம் ஒன்றுதான். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எட்டுக் கட்டடங்கள் இங்கே உலக மரபுப் பட்டியலில் உள்ளன; அவற்றில் பெரும்பாலானவை வண்ணச் சில்லுகள் பதித்த மொசைக் ஓவியங்கள் நிறைந்தவை. சான் விதாலே, கல்லா பிளாசிதியா நினைவிடம் உட்படச் சிலவற்றை ஒரே கூட்டுச் சீட்டில் பார்க்கலாம். நினைவிடம் மிகச் சிறியது. கூட்டம் உள்ள நாட்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவிட மாட்டார்கள். சாளரங்களில் பதித்த மெல்லிய வெண்பளிங்கு வழியே வரும் மங்கிய ஒளிக்குக் கண் பழகவே அவ்வளவு நேரம் ஆகும். அதனால் வரிசை இல்லாத குளிர்காலத்தில் வெளியே வந்து, சான் விதாலேவின் மொசைக்குகளில் பேரரசர் ஜஸ்டினியனையும் பேரரசி தியோதோராவையும் பார்த்துவிட்டு, முடிந்தால் மீண்டும் ஒருமுறை உள்ளே போய்வாருங்கள். 1321-இல் இவ்வூரில் இறந்த கவிஞர் தாந்தேயின் கல்லறை பத்து நிமிட நடையில் இருக்கிறது.

பொலோன்யாவுக்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மார்ச் மாத அழகுப்பொருள் கண்காட்சியும் வசந்தகாலக் குழந்தைகள் புத்தகக் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் அறைக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். தேதிகளைப் பார்த்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். மற்றொன்று, போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி. நவம்பர் முதல் ஜனவரி வரை அது இறங்கிவிட்டால் காலை, இரவு விமானங்கள் தாமதமாகின்றன.

திரும்பும் வழி

மூடுபனி பொலோன்யாவுக்கு மட்டும் உரியது அல்ல என்பதால், ஞாயிறு இரவின் கடைசி விமானத்தைத் தேர்ந்தெடுக்காமல் அதற்கு முந்தைய விமானத்தில் இடம் பிடிப்பது விவேகம். முதலாவது இரத்தானால் ஏறிக்கொள்ள இன்னொன்று இருக்கும். ஞாயிறு மாலைச் சீட்டுதான் வார இறுதியின் மிக விலை உயர்ந்த பகுதி. வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி உள்ளவர்கள் திங்கள் அதிகாலை விமானத்தின் விலையையும், ஓர் இரவுக் கூடுதல் வாடகையையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் அறை வாடகையின் மேல் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி தனியாக உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. அன்று காலையில் திரும்புபவர்கள், விடுதி அறையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பாமல் கைப்பேசி காட்டும் நேரத்தைப் பின்பற்றட்டும்.